ஜான்களின் அலமாரி: கோத்தகிரி வாசிப்பு வட்டத்தின் கேள்வி பதில்

கோத்தகிரியில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் சிறு வட்டம் எங்களுடையது. ஆசிரியர்கள், தேயிலை விவசாயிகள், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் வருகிறார்கள். இந்த ஆண்டு ஜான் என்ற முதற்பெயர் கொண்டவர்கள் எழுதிய நூல்களை மட்டுமே படிக்கிறோம். செய்தி பரவியதும் குன்னூர், கூடலூர், குந்தா பக்கங்களிலிருந்தெல்லாம் நண்பர்கள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏன் ஜான்?

நீலகிரியில் அந்தப் பெயரைத் தாண்டி நடக்க முடியாது என்பதால்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு வந்தார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. உதகை ஏரியை வெட்டச் செய்தவரும் அவரே. பள்ளிப் பிள்ளைகளை அந்த நினைவகத்துக்கு அழைத்துச் சென்று திரும்பிய ஆசிரியை ஒருவர், ஜான் என்ற பெயரில் நாம் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கூட்டத்தில் கேட்டார். ஆளுக்கொரு பெயர் சொன்னோம். சொன்ன பெயர்களில் எந்த இரண்டுக்கும் ஒட்டோ உறவோ இல்லை. பட்டியல் அங்கேயே பிறந்துவிட்டது.

அப்படியானால் இது சல்லிவனைக் கொண்டாடும் முயற்சியா?

இல்லை. அவர் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே தோடர்களும் கோத்தர்களும் படுகர்களும் குறும்பர்களும் இருளர்களும் இந்த மலையில் வாழ்ந்தார்கள். மலையை யாரோ வந்து ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. அதே சமயம், நிலத்தின் மீது தோடர்களுக்கு இருந்த உரிமையை ஏற்க வேண்டும் என்று கம்பெனி அரசிடம் வாதாடியவர் சல்லிவன் என்பதும் வரலாறு. 1838-இல் மனைவியையும் மகளையும் இங்கே பறிகொடுத்தார். இருவரும் உதகை செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெயரை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பெயரைப் பார்த்துப் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. சொந்த ரசனையை மட்டும் நம்பிப் படிப்பவர் ஏற்கெனவே போன பாதையிலேயே திரும்பத் திரும்பப் போகிறார். நாவல் பிடித்தவர் நாவலையே படிக்கிறார். அரசியல் பிடித்தவர் தமக்கு உடன்பாடான அரசியலையே படிக்கிறார். எங்கள் வட்டத்திலும் சில ஆண்டுகள் அப்படித்தான் ஓடின. பெயர் என்ற விதிக்கு ரசனை கிடையாது, கட்சி கிடையாது. பக்திக் கதை எழுதிய சிறைக்கைதியும் ரஷ்யப் புரட்சியை நேரில் பார்த்த நிருபரும் அதில் ஒரே பலகையில் உட்காருகிறார்கள். நாமாகத் தேடி ஒருபோதும் எடுத்திருக்க மாட்டாத நூல் கைக்கு வருகிறது. வந்த பிறகு பார்த்தால், அது நம் மலையைப் பற்றிப் பேசுகிறது. இது ஒவ்வொரு மாதமும் நடப்பதைப் பார்த்த பின்னர்தான் இந்த முறையை இவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஜான் ஸ்டைன்பெக் எழுதிய ‘தி பேர்ல்’. 1947-இல் வெளிவந்த குறுநாவல், இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். மெக்சிகோவின் லா பாஸ் கடற்கரையில் முத்துக் குளிக்கும் கினோவின் குழந்தையைத் தேள் கொட்டிவிடுகிறது. பணம் இல்லாதவனுக்கு மருத்துவம் பார்க்க மாட்டேன் என்று வைத்தியர் கதவைச் சாத்துகிறார். பிறகு கினோவுக்குப் பெரிய முத்து ஒன்று கிடைக்கிறது. அதை விற்கப் போகும் இடத்தில்தான் எங்கள் கூட்டம் நின்றுவிட்டது. ஊரில் முத்து வாங்கும் வியாபாரிகள் பலர். ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு விலை. உண்மையில் அவர்கள் எல்லோரும் ஒரே முதலாளியின் ஆட்கள், போட்டி போடுவதாக நடிப்பவர்கள். கினோவுக்கு அது நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் நெஞ்சு சொல்கிறது.

பசுந்தேயிலைக்கு விலை கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடும் மலை இது. கொழுந்தைப் பறித்த அன்றே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும், வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கும் பொருள் அல்ல. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பேசியதைக் கேட்க வேண்டும். எவரும் எவரையும் குற்றம் சாட்டவில்லை. விலையைத் தாமே சொல்ல முடியாதவன் எப்படி வாழ்கிறான் என்பதைப் பற்றியே பேசினார்கள். ஸ்டைன்பெக் அந்த இடத்தை அவ்வளவு சரியாகத் தொட்டிருக்கிறார்.

அவருடைய பெரிய நாவலும் பட்டியலில் இருக்கிறதே, அதை அவசியம் படிக்க வேண்டுமா?

‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்ற அந்த 1939-ஆம் ஆண்டு நாவலை விட்டுவிடாதீர்கள். 1940-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஸ்டைன்பெக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது 1962-இல். ஓக்லஹோமாவில் வறட்சியும் புழுதிப் புயலும் கடனும் சேர்ந்து நிலத்திலிருந்து துரத்த, ஜோட் குடும்பம் பழைய லாரி ஒன்றில் கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறது. வேலை இருக்கிறது என்று அச்சிட்ட துண்டுத்தாள்களை நம்பிப் போகிறார்கள். தேவைக்கு மேல் ஆட்கள் வந்து குவிந்தால் கூலி தானாக இறங்கும் என்பதற்காகவே அந்தத் தாள்கள் அத்தனை அச்சிடப்பட்டன.

கூடலூரிலும் கோத்தகிரியிலும் இதைப் படிப்பவர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நினைவுக்கு வராமல் இருக்காது. இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசுகளும் எழுதிக் கையெழுத்திட்டன. யாரிடமும் விருப்பம் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியில் குடியமர்ந்து, தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தன. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெரியவர் சிறுவனாகக் கப்பலில் வந்தவர். ஜோட் குடும்பம் எதை லாரியில் ஏற்றுவது, எதை விட்டுச் செல்வது என்று தவிக்கும் அத்தியாயத்தை அவருடைய பேத்தி அவருக்குத் தமிழில் சொன்னாள். பிறகு அவர் பேசிக்கொண்டே இருந்தார். அந்த மாதம் நாவலின் மற்றப் பகுதிகளுக்கு நேரம் போதவில்லை, அடுத்த மாதமும் அதையே எடுத்துக்கொண்டோம்.

ஒரு யோசனை: குடும்பத்தின் கதை நடக்கும் அத்தியாயங்களுக்கு இடையிடையே நாட்டின் நிலையைப் பொதுவாகச் சொல்லும் சிறு அத்தியாயங்கள் வரும். கதை ஆவலில் அவற்றைத் தாண்டிவிடாதீர்கள். ஆமை ஒன்று சாலையைக் கடக்கும் மூன்றாம் அத்தியாயம் ஒன்றுக்காகவே இந்த நாவலை வாங்கலாம்.

ஜான் ரஸ்கினின் நூல் பொருளாதாரம் என்கிறார்கள். சாதாரண வாசகனுக்கு ஒத்துவருமா?

வரும். ‘அன்டூ திஸ் லாஸ்ட்’ நான்கே கட்டுரைகள். 1860-இல் ஓர் இதழில் வரத் தொடங்கின. வாசகர்களின் எதிர்ப்பு வலுக்க, நான்காவதோடு நிறுத்தப்பட்டன. நூலாக வந்தது 1862-இல். தமிழில் ‘கடையனுக்கும் கதிமோட்சம்’ என்ற பெயரில் பலருக்கும் அறிமுகமானது. 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியின் கையில் நண்பர் போலாக் கொடுத்த நூல் இதுதான். காந்தி அன்றிரவு தூங்கவில்லை. அந்த ஆண்டே ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். 1908-இல் இதன் சாரத்தைக் குஜராத்தியில் ‘சர்வோதயம்’ என்று எழுதினார்.

நூலின் பெயர் விவிலியத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கதையிலிருந்து வந்தது. காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் தோட்டக்காரன் ஒரே கூலி கொடுக்கிறான். மருத்துவருக்கும் படைவீரனுக்கும் ஊதியம் நிலையாக இருக்க முடியும் என்றால் உடலுழைப்பவனுக்கு மட்டும் அது ஏன் சந்தையோடு ஏறி இறங்க வேண்டும் என்பது ரஸ்கினின் கேள்வி. நாட்டின் செல்வம் என்பது நல்வாழ்வு வாழும் மனிதர்களே என்று முடிக்கிறார்.

நாள் கூலி, அதற்கு ஈடாகப் பறிக்க வேண்டிய எடை, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு இங்கே தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மழைக்காலத்தில் கொழுந்து பொங்கி வரும். பனிக்காலத்தில் செடி கருகும். எடை குறைவது பறிப்பவரின் குற்றமா? ரஸ்கினிடம் இதற்கு எளிய விடை கிடையாது. அவருடைய முதலாளி தந்தையைப் போல் இருக்க வேண்டும் என்ற கருத்தை எங்களில் தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் ஏற்கவே இல்லை. எனக்கும் அது உடன்பாடல்ல. உரிமையை அன்பாக மாற்றிவிட்டால் கேட்பதற்கு வாயிருக்காது. ஆனாலும் 160 ஆண்டுகளுக்கு மேலான ஒரு நூல் கோத்தகிரியில் இரண்டு மணி நேரம் சூடான விவாதத்தைக் கிளப்பியது என்றால் அது உயிரோடுதான் இருக்கிறது.

மலை வாழ்க்கையைப் பற்றிய நூல் ஏதாவது உண்டா?

ஜான் பெர்ஜரின் ‘பிக் எர்த்’. இந்த ஆண்டின் பட்டியலிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானது. ஓவியத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயரான பெர்ஜர் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் குடியேறி, அண்டை வீட்டாரோடு வைக்கோல் அறுத்து, அவர்களைப் பற்றியே எழுதினார். 1979-இல் வந்த இந்த நூலில் கதைகளும் கவிதைகளும் கலந்திருக்கின்றன. மாடு அறுப்பது, கன்று ஈனுவது, பனியில் ஆட்டை ஓட்டிச் செல்வது எல்லாம் அவசரமே இல்லாமல் நடக்கின்றன.

கடைசியில் லூசி கப்ரோல் என்ற பெண்ணின் நீண்ட கதை வருகிறது. உருவத்தில் மிகச் சிறியவள். சகோதரர்கள் அவளை வீட்டிலிருந்து ஒதுக்கிவிடுகிறார்கள். மலையில் காளானும் காட்டுப் பழங்களும் பொறுக்கி நகரத்துக்கு நடந்து சென்று விற்றுப் பிழைக்கிறாள். அண்ணன் தம்பிக்கு நிலம், அக்காள் தங்கைக்குச் சீர் என்ற வழக்கத்தை நாம் எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. எங்கள் வட்டத்துப் பெண்கள் லூசியைத் தங்கள் ஹட்டியிலேயே, அதாவது படுகர் ஊரிலேயே, பார்த்தவளைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள்.

மலை விவசாயி எதிர்காலத்தைக் கனவாகப் பார்ப்பதில்லை, அடுத்த பருவம் வரை தாக்குப்பிடிப்பதைத்தான் பார்க்கிறான் என்று பெர்ஜர் பின்னுரையில் விளக்குகிறார். உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறி, தேயிலையை விட்டுக் கேரட்டுக்கும் காட்டேஜுக்கும் மாறிக்கொண்டிருக்கும் நாம் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படி ஒன்று?

உயர்நிலைப் பள்ளி வயது என்றால் ஜான் விண்டம் எழுதிய ‘தி டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்’. 1951-ஆம் ஆண்டின் அறிவியல் புனைகதை. வானத்தில் பச்சை நிற ஒளிமழையைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் மறுநாள் கண் தெரியவில்லை. கண்ணில் கட்டுப்போட்டு மருத்துவமனையில் படுத்திருந்த பில் மேசனைப் போன்ற சிலருக்கு மட்டும் பார்வை இருக்கிறது. எண்ணெய்க்காக மனிதன் பயிரிட்ட, நடக்கவும் கொட்டவும் கூடிய டிரிஃபிட் செடிகள் வேலியைத் தாண்டி வெளியே வருகின்றன. கொடுக்கை வெட்டிவிட்டால் செடி ஆபத்தில்லாதது. வெட்டாமல் விட்டால் எண்ணெய் தரமாக இருக்கும். மனிதன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லத் தேவையில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டாம். விறகுக்கும் தைலத்துக்கும் என்று கொண்டுவந்த கற்பூர மரமும், சீகை மரமும், அழகுக்காக நட்ட உண்ணிச்செடியும் புல்வெளியையும் சோலையையும் எப்படி விழுங்கின என்பது ஜன்னலைத் திறந்தாலே தெரியும். நாவலைப் படித்த மாணவர்களை லாங்வுட் சோலைக்கு அழைத்துப் போய் எது இந்த மண்ணின் மரம், எது வந்த மரம் என்று அடையாளம் காணச் சொன்னோம். புத்தகத்தைப் பற்றிய உரையாடல்களிலேயே மிகச் சிறந்தது அன்றுதான் நடந்தது.

‘ஹிரோஷிமா’ மனதைக் கலங்கடிக்கும் என்கிறார்களே?

கலங்கடிக்கும். ஆனால் ஜான் ஹெர்சி ஒரு சொல்லைக்கூட உயர்த்திப் பேசவில்லை. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழ் இந்த ஒரே கட்டுரைக்காக முழுவதுமாக ஒதுக்கப்பட்டது. குண்டு விழுந்த காலை 8.15 மணிக்கு ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தொடங்குகிறது. அலுவலக எழுத்தர், இரண்டு மருத்துவர்கள், மூன்று பிள்ளைகளோடு தையல் வேலை செய்து பிழைக்கும் விதவை, ஒரு ஜெர்மானியப் பாதிரியார், ஒரு ஜப்பானியப் போதகர். அவர்கள் பார்த்ததை மட்டும் எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985-இல் திரும்பிச் சென்று அவர்களின் பிற்கால வாழ்க்கையையும் சேர்த்தார். அந்தச் சேர்க்கை உள்ள பதிப்பையே வாங்குங்கள். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை.

தமிழுக்கும் இந்த ஜான்களுக்கும் தொடர்பு இருக்கிறதா?

நிறையவே. ஜான் பனியன் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 1678-இல் வந்த அவருடைய ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ கதையைத் தழுவி நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். கம்பனில் ஊறிய கை. ஆங்கில மூலத்தின் உரைநடையை ஒரு பக்கம் படித்துவிட்டு, இதில் நான்கு விருத்தங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான் காப்பியத்தின் பக்கம்தான். ஜான் மில்டன் கண்பார்வை இழந்த பிறகு பிறர் எழுதச் சொல்லிச் சொல்லி முடித்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் ஒரு பகுதியை வெ.ப. சுப்பிரமணிய முதலியார் தமிழ்ச் செய்யுளில் தந்திருக்கிறார்.

மூன்றாவதாக ஒருவர், ஜான் மர்டாக். தமிழில் அதுவரை அச்சான நூல்களைத் தேடித் தொகுத்து, பொருள்வாரியாகப் பிரித்து, 1865-இல் ஒரு பட்டியல் வெளியிட்ட ஸ்காட்லாந்துக்காரர். பட்டியலைப் போய் யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் காலத் தமிழர்கள் காசு கொடுத்து எதை வாங்கிப் படித்தார்கள் என்பது தெரிகிறது. சமயத் துறையில் எவ்வளவு, வைத்தியத்தில் எவ்வளவு, கதையில் எவ்வளவு என்று புரட்டிக்கொண்டே போகலாம்.

ஜான் ஸ்டூவர்ட் மில்லும் ஜான் ரீடும் ஏன்?

மில் 35 ஆண்டுகள் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலேயே இந்தியா பற்றிய கடிதங்களை எழுதிக் குவித்தார். சல்லிவன் இங்கே இருந்த ஆண்டுகளும் மில் அங்கே வேலை பார்த்த ஆண்டுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன. நாங்கள் படிப்பது அவருடைய 1869-ஆம் ஆண்டு நூல், பெண்களின் அடிமைநிலையைப் பற்றியது. லூசி கப்ரோலின் கதைக்கு அடுத்த மாதம் அதை வைத்திருக்கிறோம். ரஷ்யப் புரட்சியை நேரில் பார்த்த நிருபர் ரீடின் ‘உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்’ தமிழிலேயே கிடைக்கிறது. வேகமான நூல், நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

ஜான் கேயின் ‘தி கிரேட் ஆர்க்’ எதைப் பற்றியது?

இந்தியாவை அளந்த கதை. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் முதல் அளவைக்கு அடிப்படையான அடிக்கோட்டை அளந்ததில் தொடங்கி இமயமலை வரை போகிறது. கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சேதமானதும், லாம்டன் உட்கார்ந்து அதைச் சீர்செய்ததும் மிக நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்று பலகையில் படிக்கிறோம். ஓர் எண்ணை இப்படி எழுத எத்தனை பேர் காய்ச்சலில் மடிந்தார்கள் என்பதை இந்த நூல் சொல்கிறது.

புனைபெயராக ஜான் இருந்தால் சேருமா?

சேராது. ஜான் லெ காரேயின் இயற்பெயர் டேவிட் கார்ன்வெல் என்பதால் அவர் வெளியே. இதில் சிலருக்கு வருத்தம்.

ஒரு பெண்கூட இல்லையே?

உண்மைதான், இந்தப் பெயரின் பெரிய குறை இது. அதனால் அடுத்த ஆண்டு மேரி: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி, 1792-இலேயே பெண்ணுரிமைக்கு நூல் எழுதிய அவருடைய தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், கவிஞர் மேரி ஆலிவர். அதற்கு முன்னால் ஒரு மாதம் விதிவிலக்காக ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. படுகர் வாழ்க்கையை இங்கேயே வந்து தங்கிப் பார்த்து எழுதிய நாவலை நீலகிரியில் ஒரு வட்டம் படிக்காமல் இருக்கலாகாது.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் வரலாமா?

தாராளமாக. ஒவ்வொரு நூலுக்கும் இருவர் பொறுப்பு. அவர்கள் முக்கியமான பகுதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார்கள். பேச்சு தமிழிலும் படுகத்திலும் நடக்கும்.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் உதகை மாவட்ட நூலகம். 1859-இல் தொடங்கிய உதகையின் நீலகிரி நூலகத்தில் பழைய ஆங்கில நூல்கள் ஏராளம், ஆனால் அதற்கு உறுப்பினராக வேண்டும். ரஸ்கின், மில், பனியன், மில்டன் நூல்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே தரவிறக்கலாம்.

மழைக்காலத்தில் புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கிறதே, என்ன செய்வது?

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நூல்களை இறுக்கி அடுக்காதீர்கள். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை மாத வெயில் வந்ததும் நூல்களை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும். பூஞ்சை படிந்த நூலை உலர்ந்த மென்துணியால், வீட்டுக்கு வெளியே நின்று துடையுங்கள். ஈரத்துணி கூடாது. வட்டத்தின் நூல்களை இரவல் கொண்டுபோகிறவர்கள் அடுப்புக்கு மேல் பரணில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈரம் போகும், புகை ஏறிவிடும்.

முழு நூலையும் படித்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். பத்துப் பக்கம் படித்தவர்களும் வரலாம். ஆனால் அந்தப் பத்துப் பக்கத்தில் உங்களை நிறுத்திய ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதைப் படித்துக் காட்டச் சொல்வோம்.